யாழ் நூலும் யமஹா சி40 கிட்டாரும்

யமஹாவின் சி40 கிளாசிக்கல் கிட்டாரை வேலூரில் வாங்கி, சத்துவாச்சாரியில் ஓர் ஆசிரியரிடம் பாடம் கேட்டு வருகிறேன். அதே மாதங்களில் பழந்தமிழ் இசையையும் யாழையும் ஆராயும் விபுலானந்த அடிகளின் யாழ் நூலையும் படித்து வந்ததால், இக்கருவியைப் பற்றிய என் மதிப்பீட்டில் அந்த வாசிப்புக்கும் பங்கு உண்டு.

முதன்முதலாகக் கற்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இதன் நைலான் தந்திகள். எஃகுத் தந்திக் கிட்டாரோடு ஒப்பிட்டால் இவற்றின் இழுவிசை ஏறத்தாழப் பாதிதான் என்பதால், விரல்நுனி காய்த்துப்போகும் முன்பே வலி தாளாமல் பயிற்சியைக் கைவிட வேண்டிய நிலை வருவதில்லை. ஆனால் கழுத்துப் பலகை அகலமானது. தலைப்பக்கத்தில் 52 மி.மீ. இருக்கிறது. சிறிய கை உடையவர்கள் கடையிலேயே ஒரு கார்டை, அதாவது பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் விரல்பிடியை, பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. சிறுவர்களுக்கு இதே வரிசையில் சிறிய அளவில் வரும் சிஎஸ்40 பொருந்தும்.

1947இல் வெளிவந்த யாழ் நூலில் அடிகள், சிலப்பதிகார அரங்கேற்று காதையின் இசைச் செய்திகளைக் கணக்கோடு ஆராய்கிறார். குரலும் இளியும் (இன்றைய ச, ப) 3:2 என்ற விகிதத்தில் நிற்பதைத் தாளில் படித்தபோது மனத்தில் பதியாதது, இக்கருவியை மடியில் வைத்து அளந்தபோது விளங்கியது. சி40இன் தந்தி நீளம் 650 மி.மீ. கணக்குப்படி, ஏழாம் ஃப்ரெட்டில் (கழுத்துப் பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் ஏழாவதில்) அழுத்தினால் ஒலிக்கும் பகுதி ஏறத்தாழ 434 மி.மீ.; மூன்றில் இரண்டு பங்கோ 433.3 மி.மீ. இரண்டும் ஒன்றே எனலாம். நான்காம் ஃப்ரெட்டில் நிலைமை வேறு. அங்கே ஒலிப்பது 516 மி.மீ.; தம்புராவின் நாதத்தில் நாம் கேட்கும் அந்தர காந்தாரத்துக்கு ஐந்தில் நான்கு பங்கான 520 மி.மீ. வேண்டும். அந்த நான்கு மில்லிமீட்டர் குறைவதால் சுரம் சற்றே ஏறி நிற்பதைக் கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது உடனே உணர்கிறது. இது இந்தக் கிட்டாரின் குறையன்று. ஒரு ஸ்தாயியை, அதாவது ச முதல் மேல் ச வரையான இடைவெளியை, பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான இயல்பு. எந்தச் சுருதியில் தொடங்கினாலும் ஒரே கார்டு வடிவம் செல்லுபடியாவது இந்த விட்டுக்கொடுப்பினால்தான்.

நைலான் புதிதில் நீண்டுகொண்டே இருக்கும் என்பதால், தந்தி மாற்றிய முதல் சில நாட்கள் உட்காரும்போதெல்லாம் சுருதி சேர்க்க வேண்டும். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் மூடிய காரிலோ மொட்டைமாடி அறையிலோ கருவியை விட்டுவிடக் கூடாது. பசை இளகி, மேற்பலகை வளையக்கூடும். ஓசை கூடுதலாகக் கேட்க வேண்டும் என்று இதில் எஃகுத் தந்தி மாட்டவே கூடாது, மேற்பலகையில் தந்திகளைக் கட்டும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும். மாற்றுத் தந்தி வாங்கும்போது கிளாசிக்கல் கிட்டாருக்கு என்று சொல்லி, நார்மல் டென்ஷன் (இயல்பான இழுவிசை) கேட்டு வாங்குங்கள்.