மினி கூப்பர் எஸ் 1275: பானட்டைத் திறக்கும் முன் காருக்கு அடியில் பாருங்கள்

மான்டே கார்லோ ராலியை மினி மூன்று முறை வென்றது: 1964ல் பேடி ஹாப்கர்க், 1965ல் டிமோ மாக்கினென், 1967ல் ரௌனோ ஆல்டோனென். இடையில் 1966ல் முதல் மூன்று இடங்களையும் பிடித்தும், முகப்பு விளக்கு விதிக்குப் பொருந்தவில்லை என்று தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். வெற்றி சிட்ரோயனுக்குப் போனது. இன்றைய விலையில் பாதி இந்தப் புகழுக்குத்தான். ஹாப்கர்க் ஓட்டியது 1071 சிசி வண்டி. 1964ல் விற்பனைக்கு வந்த 1275 சிசி கூப்பர் எஸ் வண்டியைப் பழையதாக வாங்க நினைப்பவர்களுக்கானது இந்த மதிப்புரை.

ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. 76 குதிரைத்திறன், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். எஸ்ஸுக்கு முந்தைய முதல் கூப்பரின் 7 அங்குல டிஸ்க் பிரேக் பெயருக்குத்தான் பிரேக், எஸ்ஸில் 7.5 அங்குல டிஸ்க்கும் மிதியின் அழுத்தத்தைப் பெருக்கும் சர்வோவும் வந்த பிறகுதான் வேகத்துக்கு ஏற்ற பிடிப்பு கிடைத்தது. வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மூக்கு உள்பக்கம் திரும்பும். பின்லாந்து ஓட்டுநர்கள் இடது காலால் பிரேக் பிடித்து இதையே ஆயுதமாக்கினார்கள். ஸ்டியரிங் வீல் மட்டும் பஸ்ஸில் இருப்பதுபோல் படுத்துக் கிடக்கும். முதுகுதான் பழகிக்கொள்ள வேண்டும்.

மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 3.05 மீட்டர் நீளத்துக்குள் நான்கு பேரை உட்கார வைத்ததற்கு எஞ்சின்தான் விலை கொடுத்தது. குறுக்காக வைத்த எஞ்சினுக்கு அடியில், ஆயில் தேங்கும் சம்ப்புக்குள்ளேயே கியர்பாக்ஸ். எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். பற்சக்கரங்கள் அந்த ஆயிலை அரைத்து அதன் பிசுபிசுப்பைக் குறைத்துவிடும். அதனால் 20டபிள்யூ-50 மினரல் ஆயிலை 3,000 மைலுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும், சுமார் 4.8 லிட்டர் பிடிக்கும். வடிக்கும்போது காந்த டிரெய்ன் பிளக்கைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் கூழ் இருந்தால் கவலையில்லை, உலோகச் சில்லு இருந்தால் எஞ்சினோடு கியர்பாக்ஸையும் இறக்க வேண்டிவரும். மூன்றாவதிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கும்போது கரகரத்தால், பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கும் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. 1968க்கு முந்தைய வண்டிகளில் முதல் கியருக்கு சின்க்ரோவே கிடையாது, அங்கே கரகரப்பது ஓட்டுபவரின் தவறு.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் நேராக கிரில்லைப் பார்த்து இருக்கிறது. மழையில் முன்னால் போகும் லாரி தண்ணீரை வாரி அடித்தால் எஞ்சின் திக்கி நின்றுவிடும். மறைப்புத் தகடு இருக்கிறதா, பிளக் ஒயர்களின் ரப்பர் உறை வெடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். கிளட்ச் விடும்போது எஞ்சின் முன்னும் பின்னும் ஆடினால் மேலே பிடித்திருக்கும் ஸ்டெடி பாரின் புஷ் போய்விட்டது. மாற்றுவதற்கு அதிகம் செலவாகாது; விட்டுவைத்தால் எக்ஸாஸ்ட் குழாயில் விரிசல் விழும்.

உண்மையில் பணத்தைத் தின்பது துரு. பின்சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டமான பின் சப்ஃப்ரேம் மண்ணையும் சாலை உப்பையும் உள்ளே தேக்கி அழுகும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். (முன் சப்ஃப்ரேம் பெரும்பாலும் தப்பிக்கும். எஞ்சினிலிருந்து ஒழுகும் ஆயிலே அதற்குப் பூச்சு.) கதவுக்குக் கீழே அகலமான புதுத் தகடு பற்றவைத்திருந்தால், உள்ளே அழுகிய சில் (கதவுக்கு அடியில் ஓடும் பாடியின் விளிம்பு) மறைந்திருக்கும். பின்சக்கரத்தைத் தாங்கும் ரேடியஸ் ஆர்முக்கு கிரீஸ் அடிக்காமல் விட்டால் பேரிங் தேயும், பின்சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாயும்.

ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்து நிற்கும் வண்டியை இரண்டு முறை யோசித்து வாங்குங்கள். 1964 இறுதியிலிருந்து வந்தவற்றில் ஹைட்ரோலாஸ்டிக் சஸ்பென்ஷன். ஒரே பக்கத்தின் முன், பின் சக்கரங்கள் திரவக் குழாயால் இணைந்திருக்கும். கசிவை அடைத்தபின் திரவத்தை ஏற்றத் தனி பம்ப் வேண்டும், எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் அது இருக்காது.

கடைசியாக, போலி. சாதாரண மினியில் 1300 எஞ்சினைப் போட்டு எஸ் பேட்ஜ் ஒட்டியவை ஏராளம். அசல் எஸ் சிலிண்டர் ஹெட்டை 10 ஸ்டட்டும் ஒரு போல்ட்டும் பிடித்திருக்கும். சாதாரண ஹெட்டில் ஒன்பதுதான். எஞ்சின் பிளாக்கின் பின்பக்கம், வால்வுகளை இயக்கும் டாப்பெட்களுக்குக் கழற்றக்கூடிய மூடிகள் இருக்க வேண்டும். மினி ஆஸ்டின், மோரிஸ் என்று இரண்டு பெயர்களில் விற்கப்பட்டது; முதல் தலைமுறை வண்டியின் சேசிஸ் எண் ஆஸ்டினானால் சி-ஏ2எஸ்7 என்றும், மோரிஸானால் கே-ஏ2எஸ்4 என்றும் தொடங்கும். தகட்டை மாற்றுவது சுலபம் என்பதால், இங்கிலாந்தின் கேடன் கிராமத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தயாரிப்புப் பதிவேட்டைப் பார்த்துத் தரும் ஹெரிடேஜ் சான்றிதழைக் கேளுங்கள். அது இல்லாத வண்டிக்கு எஸ் விலை கொடுக்காதீர்கள். சாதாரண மினியின் விலையிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.