மெக்செயினின் ஓராண்டு வேத வாசிப்பு அட்டவணை: தமிழ் வாசகருக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

புத்தாண்டு ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறப்பவர்கள் நம் சபைகளில் ஏராளம். தினம் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்பது பழைய கணக்கு. வாரத்துக்கு 23, 52 வாரத்தில் 1,196. வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களும் அதற்குள் அடங்கிவிடும். கணக்கில் குறையில்லை. ஆனால் நான்காவது வாரத்திலேயே யாத்திராகமம் 25 வந்துவிடுகிறது. சீத்திம் மரம், இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், கொளுவிகள், பாதங்கள், தொங்குதிரைகள். அது முடிந்தால் லேவியராகமத்தின் 27 அதிகாரங்கள், பிறகு எண்ணாகமத்தின் பெயர்ப் பட்டியல்கள். மூன்று வாரத்துக்கும் மேலாக இவற்றைத் தவிர வேறு பகுதியே இல்லை என்றால், புதிதாக வாசிக்கிறவர் சோர்ந்துபோவதில் வியப்பில்லை. எத்தனையோ வேதாகமங்களில் ரிப்பன் இன்னும் அந்தப் பக்கங்களில்தான் கிடக்கிறது.

இந்தச் சிக்கலுக்குக் கிடைக்கும் தீர்வுகளில் பழையதும் இன்றும் உயிரோடிருப்பதுமான ஒன்று மெக்செயின் அட்டவணை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் செயின்ட் பீட்டர்ஸ் சபையின் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செயின், 1842 டிசம்பர் இறுதியில் தன் சபையாருக்காக அதைத் தயாரித்துக் கொடுத்தார். 1843 மார்ச் 25 அன்று டைபஸ் காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு வயது 29. ஆங்கிலேயப் போதகர் ஜான் ஸ்டாட் போன்றோர் நெடுங்காலம் பின்பற்றிய அட்டவணை இது. இலவசமாகவே கிடைக்கிறது. சில தாள்களில் அச்சிட்டுக்கொள்ளலாம், யூவெர்ஷன் செயலியிலும் திட்டமாக இருக்கிறது.

அமைப்பு இதுதான். ஒவ்வொரு நாளுக்கும் நான்கு பகுதிகள், நான்கு பத்திகளில், அதாவது நெடுவரிசைகளில். முதல் இரண்டும் குடும்பமாக வாசிக்க, அடுத்த இரண்டும் அந்தரங்கமாக வாசிக்க. ஜனவரி 1 அன்று ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1. உலகத்தின் தொடக்கம், கிறிஸ்துவின் பிறப்பு, சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஜனத்தின் புதுத் தொடக்கம், சபையின் தொடக்கம். டிசம்பர் 31 அன்று 2 நாளாகமம் 36, வெளிப்படுத்தின விசேஷம் 22, மல்கியா 4, யோவான் 21. முதல் பத்தியில் ஆதியாகமம் முதல் 2 நாளாகமம் வரை 403 அதிகாரங்கள். மூன்றாவதில் எஸ்றா முதல் மல்கியா வரை, சங்கீதம் நீங்கலாக 376. இரண்டாவதிலும் நான்காவதிலும் புதிய ஏற்பாடும் சங்கீதமும் முழுமையாக, தலா 410. மொத்தம் 1,599. ஆகவே ஒரு வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவை.

இந்த நான்கு பத்தி ஏற்பாட்டின் அருமை மார்ச் மாதத்தில் தெரியும். மார்ச் 14 அன்று முதல் பத்தியில் அந்த யாத்திராகமம் 25 வருகிறது. "அவர்கள் நடுவிலே நான் வாசம்பண்ண" ஒரு பரிசுத்த ஸ்தலத்தை உண்டாக்கச் சொல்கிறார் கர்த்தர். பக்கத்துப் பத்தியில் அதே நாளுக்கு யோவான் 4. தொழுதுகொள்ளவேண்டிய இடம் எது என்று சமாரியப் பெண் கேட்கிறாள். இந்த மலையிலும் அல்ல, எருசலேமிலும் அல்ல என்கிறார் இயேசு. ஒரே காலையில் இரண்டையும் வாசிக்கும்போது அந்த முழக்கணக்கும் மரக்கணக்கும் வேறு வெளிச்சத்தில் தெரிகின்றன. தேவன் மனிதர் நடுவே குடியிருக்க விரும்புவதுதான் இரண்டிலும் ஓடும் நரம்பு. மார்ச் 30 அன்று லேவியராகமம் 1 தொடங்குகிறது, சர்வாங்க தகனபலி. அன்றைய யோவான் 20-இல் கல்லறை காலியாக இருக்கிறது. மெக்செயின் இவற்றைத் திட்டமிட்டுப் பொருத்தியதாகத் தோன்றவில்லை, நாட்காட்டி ஓடும் ஓட்டத்தில் அமைந்தவைதான். ஆனாலும் ஆண்டு முழுக்க இப்படிப்பட்ட சந்திப்புகள் வந்துகொண்டே இருக்கும். வறண்ட பகுதி எதுவும் தனியாக வராது என்பதே இந்த அட்டவணையின் முதல் பலம்.

குறைகளுக்கு வருவோம். சுமை அதிகம். ஓர் அதிகாரத்துக்குச் சராசரி 26 வசனம் என்று வைத்தால், நான்கு பகுதிகளை மனதுக்குள் வாசிக்கக் குறைந்தது இருபது நிமிடம், வாய்விட்டு வாசித்தால் அரைமணி நேரம். இதில் ஜெபத்துக்கும் யோசிப்பதற்கும் ஆகும் நேரம் சேரவில்லை. நீண்ட பகுதிகளில் சிலவற்றை மெக்செயின் உடைத்திருக்கிறார். 80 வசனமுள்ள லூக்கா 1 இரண்டு நாளாகவும், 176 வசனமுள்ள சங்கீதம் 119 ஜூன் கடைசியில் ஏழு நாளாகவும் வரும். இருந்தும் வேலைக்கு ஓடுகிறவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்கும் இது பாரம்தான். மெக்செயினுக்கே இது தெரிந்திருந்தது. அட்டவணையோடு சபைக்கு எழுதிய கடிதத்தில் நான்கு ஆபத்துகளைச் சொல்லி எச்சரித்தார்: வெறும் சடங்காகிவிடுவது, படித்து முடித்தோம் என்ற சுயநீதி, கவனமில்லாத வாசிப்பு, சுமக்கமுடியாத நுகம். நான்காவதை அவர் எழுதியிருப்பதால், அட்டவணையைக் குறைத்துக்கொள்ளக் குற்ற உணர்வு வேண்டியதில்லை.

குறைப்பதற்கு நல்ல வழி அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. முதல் வருஷம் முதல் இரண்டு பத்திகளை மட்டும் வாசியுங்கள். பழைய ஏற்பாட்டின் முதல் பாதி, முழுப் புதிய ஏற்பாடு, முழுச் சங்கீதம் முடிந்திருக்கும். அடுத்த வருஷம் மற்ற இரண்டு பத்திகள். நாளுக்கு இரண்டு அதிகாரம், பதினைந்து நிமிடம். பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதுதான். நான்கையும் ஓராண்டில் முடிப்பது, வேதாகமத்தை ஒருமுறையாவது முழுவதும் வாசித்தவர்களுக்கு ஏற்றது.

அதற்குக் காரணம் இரண்டாவது குறை. பலர் இதைக் கவனிப்பதில்லை. மூன்றாம் பத்தி எஸ்றாவில் தொடங்குகிறது. பெர்சியாவின் கோரேஸ் யார், ஜனங்கள் ஏன் பாபிலோனில் இருக்கிறார்கள் என்று தெரியாதவருக்கு முதல் நாளே தலை சுற்றும். மறுநாள் எஸ்றா 2 முழுக்கப் பெயர்கள்; கிட்டத்தட்ட அதே பட்டியல் ஜனவரி 17 அன்று நெகேமியா 7-இல் மறுபடி வரும். இதைவிடப் பெரிய சிக்கல் மே மாதத்தில். அப்போது ஏசாயா தொடங்கி, எரேமியா, புலம்பல், எசேக்கியேல் என்று அக்டோபர் நடுவரை அந்தப் பத்தியில் பெரிய தீர்க்கதரிசிகள்தான். எருசலேம் விழுந்த கதையைச் சொல்லும் 2 இராஜாக்களோ முதல் பத்தியில் அதற்குப் பிறகே வருகிறது. சம்பவம் தெரியாமல் எச்சரிப்பை மட்டும் கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. யாத்திராகமத்தைக் கடந்தவர்களும் ஜூலை, ஆகஸ்டில் எரேமியாவில் நின்றுபோவதற்கு இதுவே காரணம். மருந்து எளிது. ஏசாயாவுக்கு முன் 2 இராஜாக்கள் 15 முதல் 20 வரையும், எரேமியாவுக்கு முன் 22 முதல் 25 வரையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். பத்து அதிகாரங்கள், ஒரு ஞாயிறு மாலை போதும். யோசியா, யோயாக்கீம், சிதேக்கியா என்ற பெயர்கள் எரேமியாவில் வரும்போது அவர்கள் அப்போது முகமுள்ள மனிதர்களாக இருப்பார்கள்.

எந்த மொழிபெயர்ப்போடு வாசிப்பது? பழைய மொழிபெயர்ப்பு, அதாவது ஓ.வி., நம் காதிலும் ஜெபத்திலும் ஊறியது. மனப்பாடத்துக்கு அதற்கு நிகரில்லை. ஆனால் தொடர் வாசிப்பில் அது இரண்டு இடங்களில் இடறும். ஒவ்வொரு வசனமும் தனி வரியில் தொடங்குவதால் கதை எங்கே திரும்புகிறது, வாதம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மேற்கோள் குறிகள் இல்லாததால் யார் பேசுவது என்பதும் எரேமியா போன்ற நூல்களில் மங்கிவிடும். புத்திரசுவிகாரம், கிருபாதாரபலி, உக்கிராணக்காரன் போன்ற சொற்களைப் பொருள் தெரியாமலே கடந்துபோகிற பழக்கமும் நமக்கு உண்டு. புத்திரசுவிகாரம் என்றால் தத்து. அது தெரிந்த பிறகு ரோமர் 8-ஐ வாசித்துப் பாருங்கள். ஆகவே கதைப் பகுதிகளையும் சங்கீதத்தையும் ஓ.வி.யிலும், நிருபங்களையும் தீர்க்கதரிசிகளையும் தமிழ் சமகால பதிப்பு போன்ற இன்றைய தமிழிலும் வாசிப்பது நல்ல கலவை. 1995-இல் வந்த திருவிவிலியத்தை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அட்டவணை 66 புத்தகங்களுக்கானது. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, இரண்டு மக்கபேயர் ஆகியவை அதில் இல்லை. கத்தோலிக்க வாசகர்கள் அவற்றைத் தனியே சேர்த்துக்கொள்ளவேண்டும்.

முடிந்தவரை வாய்விட்டு வாசியுங்கள். சங்கீதம் 1:2-இல் "தியானமாயிருக்கிற" என்று வரும் இடத்தில் எபிரெயத்தில் உள்ள வினைச்சொல் 'ஹாகா'. அதற்கு முணுமுணுப்பது, தாழ்ந்த குரலில் ஒலிப்பது என்று பொருள். ஏசாயா 38:14-இல் எசேக்கியா "புறாவைப்போல் புலம்பினேன்" என்று சொல்லுமிடத்திலும் இதே சொல்தான். கண்ணை மூடி மௌனமாக உட்காருவதைவிட, உதடு அசைய ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதே அந்தச் சங்கீதம் சொல்லும் மனுஷனின் தியானம். பழக்கத்துக்கும் இது உதவுகிறது. கண் ஓடும் வேகத்தில் நாக்கு ஓடாது, ஆகவே மனம் வேறெங்கோ போனால் சட்டென்று தெரிந்துவிடும். நான்கு பகுதியும் முடியாத நாளில் ஒன்றையாவது இப்படி வாசிப்பது, நான்கையும் கண்ணால் தடவிவிட்டுப் போவதைவிட எவ்வளவோ மேல்.

குடும்ப ஜெபத்தில் முதல் இரண்டு பத்திகளை வாசிக்கும் வீடுகளில் ஒரு வழக்கத்தை மாற்றவேண்டும். ஆளுக்கொரு வசனம் என்று சுற்றிவந்தால் பிள்ளைகள் தங்கள் முறை எப்போது என்று எண்ணுவார்களே தவிர, கதையைக் கேட்கமாட்டார்கள். மார்ச் 1 அன்று லூக்கா 15 வருகிறது. அதன் 11 முதல் 32 வரையுள்ள 22 வசனங்களை, ஒருவர் கதை சொல்ல, ஒருவர் தகப்பன், ஒருவர் இளையவன், ஒருவர் மூத்தவன் என்று பிரித்து வாசிக்கவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இரவுக்கு ஓர் அதிகாரம் போதும். இரண்டாவது பகுதியைப் பெரியவர்கள் காலையில் முடித்துவிடலாம்.

நடைமுறையில் உதவும் சில பொருட்கள். நான்கு இடத்தில் வாசிப்பதால் நான்கு அடையாளம் வேண்டும், பெரும்பாலான வேதாகமங்களில் ஒன்றோ இரண்டோ ரிப்பன்தான் இருக்கும். நான்கு நிறத்தில் மெல்லிய சாட்டின் ரிப்பன், ஒவ்வொன்றும் வேதாகமத்தின் உயரத்தைவிட நான்கு விரல் நீளமாக வெட்டி, கெட்டி அட்டைத் துண்டில் ஒட்டுங்கள். கெட்டி அட்டை பைண்டிங் என்றால் அந்தத் துண்டை முதுகுப்பக்க இடைவெளியில் செருகலாம். ரெக்ஸின் உறையில் அப்படி இடைவெளி இருக்காது, கடைசி வெற்றுத்தாளின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அட்டவணையை மாதத்துக்கு ஒரு தாளாக, தமிழ்ப் புத்தகப் பெயர்களோடு எழுதி அன்றைய மாதத் தாளை மட்டும் உள்ளே வையுங்கள். 200 பக்க நோட்டு ஒன்று, பக்கத்துக்கு இரண்டு நாள் என்று எழுதினால் ஆண்டு முழுக்கப் போதும். தேதி, ஒரு வசன எண், அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம். அதற்குமேல் எழுத ஆரம்பித்தால் பிப்ரவரியில் நோட்டு நின்றுவிடும்.

செயலியில் வாசிப்பவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பை முன்பே தரவிறக்கி வைத்து, வாசிக்கும் நேரத்தில் இணையத்தை அணைத்துவிடவேண்டும். வாட்ஸ்அப் மணி ஒலித்தால் எசேக்கியேல் தோற்றுப்போகும். தொடர்ச்சியாக எத்தனை நாள் வாசித்தீர்கள் என்று காட்டும் எண், ஆரம்பத்தில் தூண்டுதலாக இருக்கும். ஆனால் அந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காகவே பதினொன்றரை மணிக்கு அவசரமாக விரலைத் தேய்ப்பதில்தான் மெக்செயின் எச்சரித்த சடங்கும் சுயநீதியும் சேர்ந்து நுழைகின்றன.

பழக்கம் முறிவது பெரும்பாலும் விட்டுப்போன நாட்களால்தான். ஐந்து நாள் காய்ச்சலில் படுத்தால் இருபது அதிகாரம் பாக்கி. அதை அடைக்க உட்காருகிறவர் இரண்டாம் நாளே மலைத்துப்போகிறார். பாக்கியை அடைக்கவே வேண்டாம். இன்றைய தேதிக்குத் திரும்புங்கள். சங்கீதமும் புதிய ஏற்பாடும் எப்படியும் ஆண்டுக்குள் இரண்டாவது தடவை வரும். விட்டுப்போன பழைய ஏற்பாட்டு அதிகாரங்களை மட்டும் தாளில் வட்டமிட்டு, மாதத்தின் கடைசி ஞாயிறு மதியம் எடுத்துக்கொள்ளலாம். லீப் ஆண்டின் பிப்ரவரி 29-க்கு அட்டவணையில் பகுதியே கிடையாது, அந்த நாளும் இதற்கு உதவும்.

இதுவரை வேதத்தைத் தொடர்ந்து வாசித்தே இராதவர்களுக்கு இந்த அட்டவணையை முதலில் கொடுக்கமாட்டோம். அவர்களுக்கு மாற்கு. 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. பிறகு ஆதியாகமத்தின் 50, அதன்பின் அப்போஸ்தலர் நடபடிகளின் 28. மூன்று மாதத்தில் நேரமும் இடமும் அமைந்துவிடும். அப்போது மெக்செயினை எடுக்கலாம். அதற்காக ஜனவரி 1 வரை காத்திருக்கவேண்டாம். இன்று என்ன தேதியோ அந்த வரியில் இரண்டாம் பத்தியைப் பாருங்கள். ஜூலை நடுவில் தொடங்கினாலும் அங்கே அப்போஸ்தலர் நடபடிகளின் ஆரம்ப அதிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் அந்தப் பத்தியை மட்டும் வாசியுங்கள். எட்டாம் நாள் முதல் பத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.