நடை சாத்திய ஐந்தாவது நிமிடம்

கோயிலின் பெயர் வேண்டாம். மயிலாடுதுறைக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் சிறிய சிவன் கோயில் என்பது போதும். என் பாட்டி ஒரு நேர்த்திக்கடனைப் பாக்கி வைத்துவிட்டுப் போன இடம் அது. அதைத் தீர்த்துவிட வேண்டும் என்று எழுபத்து நான்கு வயதான அம்மா பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடந்த டிசம்பரில், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா சகிதமாக நாங்கள் அங்கே போய் இறங்கியபோது மணி 12.35. குருக்கள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் வாழும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் உட்கார்ந்து இரண்டு மாதம் போட்ட திட்டம் இது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், புதுச்சேரி, பிறகு சிதம்பரம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, அங்கிருந்து மேற்கே திரும்பித் தஞ்சாவூர், கும்பகோணம் என்று ஆறு நாள் பயணத்தை அட்டவணையாக்கி, ஒவ்வொரு ஊருக்கும் கிலோமீட்டர், நிமிடம், தங்கும் அறை, காலைச் சிற்றுண்டி உண்டா இல்லையா என்பது வரை கட்டம் போட்டு வைத்திருந்தேன். நடை சாத்தும் நேரத்துக்கு மட்டும் கட்டம் இல்லை. இந்த மாவட்டத்திலேயே பதினெட்டு வயது வரை வளர்ந்தவனுக்கு அது தெரியாமலா போகும்? தெரியும். அப்பா எங்களை நான்கு மணிக்கே எழுப்பிப் பச்சைத் தண்ணீரில் குளிக்க வைத்து, முதல் பேருந்தைப் பிடித்ததெல்லாம் எதற்காக என்று தெரியும். ஆனால் கைபேசி வரைபடம், ‘திறந்திருக்கிறது, இரவு 8.30 வரை’ என்று பச்சை எழுத்தில் காட்டியது. அப்பாவின் வழக்கத்தைவிட அந்தப் பச்சை எழுத்தை நம்பினேன்.

முதல்நாள் இரவு சிதம்பரத்தில் வண்டியை நிறுத்தும்போதே ஓட்டுநர் சொன்னார்: “சார், காலையில ஆறு மணிக்கு எடுத்துடுவோம். அப்பதான் எல்லாம் ஆகும்.” மொத்தம் அறுபது கிலோமீட்டர்கூட இல்லையே என்றேன். ஜெர்மனி நெடுஞ்சாலையில் அது அரைமணி நேர ஓட்டம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் பிள்ளைகள் எழுந்து, பொங்கலும் வடையும் முடித்துக் கிளம்ப ஒன்பதரை. வைத்தீஸ்வரன்கோயிலில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. அதன்பின் ஒரு ரயில்வே கேட். ஒரு பாசஞ்சர் போனது. கேட்டைத் தூக்கப் போகிறார்கள் என்று எல்லா வண்டிகளும் எஞ்சினை முடுக்கிய பிறகு, எதிர்த்திசையில் இன்னொரு ரயில் வருகிறது என்று கேட் அசையவே இல்லை. இருபத்திரண்டு நிமிடம். நான் கணக்கு வைத்திருந்தேன், அது என் வியாதி.

“ஐந்தே நிமிடம்தானே சாமி, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறோம்” என்று நான் சொன்னதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. குருக்கள் கோபப்படவில்லை. உச்சிக்காலம் முடிந்து திரை போட்டாயிற்று, இனி நான்கு மணிக்குத்தான் என்று என்னிடம் சொல்லாமல் அம்மாவிடம் சொன்னார். ராத்திரி எவ்வளவு நேரமானாலும் கடைசி ஆள் வரை நிற்பேன், மத்தியானத்தில் மட்டும் முடியாது என்றார். சுவரில், வெயிலில் வெளுத்த பெயிண்டில், காலை 6 – 12.30, மாலை 4 – 8.30 என்று எழுதியிருந்ததையும் விரலால் காட்டிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமையில் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பால் வாங்க முடியாத நாட்டில் பதினாறு ஆண்டுகளாக வாயைத் திறக்காமல் வாழ்கிறவன், சொந்த ஊரில் மூன்றரை மணி நேர மூடலுக்கு அப்படிக் கொதித்தேன். இணையத்தில் சரியான நேரத்தைப் போட ஓர் ஆள் இல்லையா என்று மனைவியிடம் புலம்பினேன். சுவரில் போட்டிருக்கிறதே என்றாள்.

பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. கோயில் பூட்டியிருந்தாலும் பக்கத்து மண்டபத்தில் அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. 2002இல் அறநிலையத் துறைக் கோயில்களில் தொடங்கிய திட்டம். நான் ஊரைவிட்டுப் போவதற்கு முன்பே வந்துவிட்டது என்றாலும், ஒருநாளும் அந்த வரிசையில் உட்கார்ந்ததில்லை. டோக்கன் தீர்ந்திருந்தது. பரிமாறிய பெண்மணி எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, “குழந்தைங்க இருக்கு, உக்காருங்க, பார்த்துக்கலாம்” என்றார். சோறு, சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, ரசம், மோர். கோயில் கழிப்பறையின் சாவியும் குருக்களின் கொத்தோடு போய்விட்டதால், எதிர்வீட்டு அக்கா அம்மாவை உள்ளே அழைத்துப் போனார். ஜெர்மனி நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இதற்கு ஒரு யூரோ போட்டால்தான் தடுப்பே திறக்கும்.

அம்மா மண்டபத்தில் முந்தானையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டார். நான் அட்டவணைத் தாளை எடுத்தேன். ஓட்டுநர் அதை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். விடிகாலை முதல் பன்னிரண்டு வரை கோயில், பன்னிரண்டிலிருந்து நான்கு வரை சாப்பாடு, சாலை, கடல், நான்கிலிருந்து மறுபடி கோயில் என்று மூன்றே கோடு போட்டார். காலை எட்டு மணிக்கு நான் வைத்திருந்த தரங்கம்பாடி மத்தியானத்துக்குப் போனது: டேனியர்கள் 1620இல் எழுப்பிய கோட்டைக்கு எதிரிலேயே கடல், காற்றுக்குக் குறைவில்லை. அங்கே அலை அரித்துத் தின்ற மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்ப்பதானால் மட்டும் காலையிலேயே வர வேண்டும். மத்தியானம் பன்னிரண்டரைக்கு நான் போட்டிருந்த தஞ்சைப் பெரிய கோயிலைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடை ஒருபுறம் இருக்கட்டும், அந்த நேரத்தில் செருப்பில்லாமல் அந்தக் கல்தரையில் பிள்ளைகள் எப்படி நடப்பார்கள் என்றார். மாலை வெயில் இறங்கும்போது 216 அடி விமானமே மஞ்சளாக மாறுமாம். மாமல்லபுரத்துக்கு நடை சாத்தும் தொல்லையே இல்லை, தொல்லியல் துறை பகல் முழுக்கத் திறந்துவைத்திருக்கிறது. முதல்நாள் விடிகாலையில் எங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பி அங்கே கூட்டிப்போனதற்கு அவர் கருத்து எதுவும் சொல்லவில்லை.

குருக்கள் வந்தபோது மணி 4.10. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். “பேசாம வாடா” என்று அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.