படகின் உடல் உறுதி, உள்ளேதான் கை நுழையாது: ஃபேக்டரி யாட்டோடு பல வருட அனுபவம்

படகின் கடல்நீர் வால்வுகள், அதாவது உடலில் போட்ட துளைகளைத் திறந்து மூடும் வால்வுகள், அத்தனையையும் மாற்றி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. என்னிடம் இருப்பது பெரிய தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரான, நடுத்தர விலைப் பாய்மர யாட். வேலை பாதியில் இருந்தபோது நண்பர் ஒருவர் போன் செய்தார். இதே மாடலில் பழையது ஒன்று விலை இறங்கி வந்திருக்கிறதாம். வாங்கலாமா, கட்டுமானம் எப்படி என்று கேட்டார். பதில் சொல்ல ஆரம்பித்தவன் வால்வைத் தாண்டி எதுவும் பேசவில்லை. அது அந்தப் படகுக்குச் செய்யும் அநியாயம். நீளம், அகலம், பாயின் அளவு எல்லாம் அவருக்குத் தெரியும். எனவே அவற்றை விட்டுவிட்டு, நல்லதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த வகைப் படகுகள் மீது எல்லோரும் முதலில் சொல்லும் குறை, உடல் மெல்லிசு என்பது. 1960-70களில் வந்த ஃபைபர் கிளாஸ் படகுகளோடு ஒப்பிட்டால் மெல்லிசுதான். ஆனால் ஃபைபரின் தடிமனை மட்டும் பார்த்து ஒரு படகை எடைபோட முடியாது. ஒரு பலகையின் தடிமனை இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். அதனால்தான் நடுவில் பால்சா மரத்தையோ ஃபோமையோ வைத்து இரண்டு பக்கமும் ஃபைபரை ஒட்டுகிறார்கள். எடை அவ்வளவாக ஏறுவதில்லை, விறைப்பு மட்டும் நன்றாக ஏறிவிடுகிறது. என் படகில் டெக், அதாவது மேல்தளம், முழுக்க இப்படித்தான். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதி முழு ஃபைபர். அதன் உள்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒரு வார்ப்புச் சட்டத்தை ஒட்டியிருக்கிறார்கள். கீலின் (படகு கவிழாதபடி அடியில் தொங்கும் கனமான துடுப்பு) எடை, பாய்மரத்தின் அழுத்தம், அதை நிமிர்த்திப் பிடிக்கும் பக்கக் கம்பிகளின் இழுப்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது அந்தச் சட்டம்தான்.

இது தாங்குகிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. காற்றை எதிர்த்துப் பாயை இறுக்கிக் கட்டி, படகு நன்றாகச் சாய்ந்து, அலையில் இடித்துக்கொண்டு போகும்போது கீழே இறங்கிக் கழிவறைக் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பேன். அந்த நேரத்தில் கம்பிகள் உடலை மேலே இழுக்கின்றன, பாய்மரம் கீழே அழுத்துகிறது, கீல் தன் பக்கம் இழுக்கிறது. உடல் முறுக்கிக்கொண்டால் முதலில் கதவுச் சட்டம் கோணும், கதவு சிக்கும். கைவேலைப்பாட்டுக்குப் பேர்போன, விலை அதிகமான படகுகளிலேயே கதவு சிக்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். என் படகில் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடச் சிக்கியதில்லை. கொக்கி 'டக்' என்று விழும். வாங்கும்போது இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. எவ்வளவு கோபம் வந்தாலும் அந்தக் கதவை நினைத்தால் இதை வார்த்தவர்கள் மேல் மரியாதை வந்துவிடுகிறது.

அடிப்பகுதியில் கொப்புளம் கிடையாது. டெக்கில் நடந்தால் எங்கும் மெத்தென்று அமுங்குவதில்லை. உடலும் டெக்கும் சேரும் இடத்தில் ஒரு சொட்டுக் கசிவில்லை. ஒரே அச்சில், ஒரே முறையில், ஒரே ஆட்கள் திரும்பத் திரும்பச் செய்வதில் ஒரு நன்மை இருக்கிறது. முதல் சில படகுகளில் வந்த குறை அடுத்தடுத்தவற்றில் சரியாகிவிடும். அப்புறம், இதே படகு உலகம் முழுக்க இருப்பதால் எனக்கு வந்த எந்தக் கோளாறும் ஏற்கெனவே யாருக்காவது வந்திருக்கும். அவர் அதைச் சரிசெய்தும் முடித்திருப்பார்.

மரவேலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மரம் போலத் தெரியும் படலம் ஒட்டிய பலகை. தரைப்பலகைகளின் வெட்டு விளிம்பில் எதையும் பூசாமல் விட்டிருந்தார்கள். அதில் ஈரம் ஏறிக் கறுத்துவிட்டது. கழற்றி, காயவைத்து, விளிம்பெல்லாம் எபாக்ஸி தடவினேன். அதோடு தீர்ந்தது. அகலமான பின்புறத்தின் அடியில் இரவெல்லாம் சிற்றலைகள் அறையும். பின் கேபினில் படுப்பவர்கள் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி என்னை எரிச்சலூட்டும் விஷயம். இந்தப் படகுகளைக் கட்டும் வரிசை இப்படி: முதலில் உடலை வார்ப்பார்கள். உள்சட்டத்தை ஒட்டுவார்கள். மேலே திறந்திருக்கும்போதே டேங்க், என்ஜின், குழாய், வயர், சமையலறை, படுக்கை எல்லாவற்றையும் மேலிருந்து இறக்கிப் பொருத்துவார்கள். கடைசியில் டெக்கைத் தூக்கி வைத்து மூடிவிடுவார்கள். வேலை செய்பவருக்கு அன்றைக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நாளைக்கு இதைக் கழற்றப்போகிறவர் எந்த வழியாகக் கையை விடுவார் என்ற கேள்வி அந்த வரிசையில் எங்குமே வருவதில்லை. விலை குறைந்ததற்கு அந்த வரிசைதான் காரணம். டெக்கை மூடிவிட்டு, ஆட்கள் படிக்கட்டு வழியாக ஒவ்வொரு பலகையாக உள்ளே கொண்டுபோய்ப் பொருத்தினால் வேலை நேரம் பல மடங்காகும், என்னைப் போன்றவர்கள் வாங்கவும் முடியாது. இது எனக்குப் புரிகிறது. ஆனாலும் டீசல் டேங்கை வெளியே எடுக்கப் படுக்கையை அறுக்க வேண்டும் என்றால் அந்த வடிவமைப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

டெக் சாமான்களிலும் இதே கதைதான். கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச், கயிறு ஓடும் தண்டவாளம் போன்றவற்றின் போல்ட்டுக்கு உள்ளே நட்டு இல்லை. டெக்கின் ஃபைபருக்குள்ளேயே ஓர் அலுமினியத் தகட்டைப் புதைத்து, அதில் மரை போட்டு முறுக்கியிருக்கிறார்கள். பிடிமானம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியம் பொடிந்துபோகும். கழற்றி, மரைக்கு மசகு தடவி, மறுபடி முறுக்கினால் பிரச்சினை இல்லை. கழற்றாமலே விட்டால் ஒருநாள் போல்ட் உள்ளேயே முறியும்.

உயிர் போகிற விஷயமும் இதில் இருக்கிறது. 2014 மே மாதம் சீக்கி ரஃபிக்கி என்ற யாட் ஆன்டிகுவாவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பும் வழியில், அட்லாண்டிக் நடுவே கீல் கழன்று கவிழ்ந்தது. அதிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அதுவும் தொழிற்சாலை வரிசையில் வந்த படகுதான், உள்சட்டம் ஒட்டிய கட்டுமானம்தான். படகை மீட்க முடியாததால் பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2015-இல் தந்த அறிக்கையில் காரணத்தை அறுதியிட்டுச் சொல்லவில்லை. முன்பு தரைதட்டியதும் அதற்குப் பின் நடந்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து, கீல் பொருந்தும் இடத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது. உள்சட்டம் உடலை விட்டுப் பிரிந்தாலும் அதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதையும் அது சுட்டிக்காட்டியது. அந்தச் செய்திக்குப் பிறகு, ஒவ்வொரு முறை கரையேற்றும்போதும் தரைப்பலகைகளை எடுத்துவிட்டுச் சட்டத்தின் விளிம்பு நெடுகப் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகிறேன். ஒட்டியிருக்கும் இடத்தில் சத்தம் கணீரென்று வரும், விட்டிருந்தால் மந்தமாகக் கேட்கும். இதுவரை எல்லா இடத்திலும் கணீரென்றுதான் இருக்கிறது. ஆனால் நான் தட்டுவது கை போகிற இடத்தில் மட்டும். டேங்குக்குக் கீழே சட்டம் எப்படி இருக்கிறது என்று படகைக் கட்டியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிய வழியே இல்லை.

சரி, வால்வு. சமையலறை சிங்க்கின் கழிவுநீர் வெளியேறும் வால்வில்தான் ஆரம்பித்தது. அலமாரிக்குள் தலையை விட்டு டார்ச் அடித்தால் வால்வின் கைப்பிடி மட்டும் தெரியும். அது உடலில் பொருந்தும் இடம் ஒரு பலகைக்குப் பின்னால் இருந்தது. பலகையைக் கழற்றலாம் என்று பார்த்தால் இந்தப் பக்கம் ஒரு ஸ்க்ரூகூட இல்லை. சின்னக் கண்ணாடி ஒன்றைச் சந்தில் விட்டுப் பார்த்தேன். ஸ்க்ரூ எல்லாம் பின்பக்கத்திலிருந்து, அதாவது படகின் உடல் இருக்கும் பக்கத்திலிருந்து ஏற்றியிருந்தார்கள். அலமாரியை வெளியே வைத்து முழுதாகச் செய்து, ஒரே துண்டாக உள்ளே இறக்கியிருக்கிறார்கள். கடலில் போகும்போது ஹோஸ் கழன்றால் அந்த வால்வை யார், எப்படிச் சமாளிப்பது?

பலகையை அறுத்தேன். வால்வின் மேலிருந்த பச்சைக் களிம்பைத் துடைத்து, ஹோஸ் மாட்டும் முனையை அரத்தால் லேசாக ஒரு தேய் தேய்த்தேன். பித்தளை என்றால் மஞ்சளாக மின்ன வேண்டும். இது ரோஸ் நிறத்தில் இருந்தது. ஸ்பானரைக்கூட எடுக்கவில்லை, ஹோஸைப் பிடித்துக் கொஞ்சம் திருகியதும் முனை நனைந்த சாக்பீஸ் போல முறிந்து கையோடு வந்துவிட்டது. முறிந்த இடத்தில் விளிம்பிலிருந்து உள்வரை அதே ரோஸ் நிறம், நடுவில் மெல்லிய வளையமாக மட்டும் மஞ்சள் மிச்சமிருந்தது. இத்தனை நாளும் தண்ணீரை வெளியே நிறுத்தி வைத்திருந்தது அந்த வளையம்தான்.

சாதாரணப் பித்தளையில் ஏறத்தாழ 40 சதவீதம் துத்தநாகம். கடல்நீர் அந்தத் துத்தநாகத்தை மட்டும் உருவிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது ஓட்டை ஓட்டையான செம்பு, அதுதான் அந்த ரோஸ் நிறம். வடிவம் மாறாது, எடையிலும் பெரிதாகத் தெரியாது, வெளியே நிக்கல் முலாம் இருந்தால் நிறமும் தெரியாது. வெண்கலத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. துத்தநாகம் பிரியாதபடி செய்த டி.இசட்.ஆர். பித்தளையும் பல மடங்கு தாங்கும். கண்ணாடி இழை கலந்த நைலான் வால்வில் அரிக்க உலோகமே இல்லை. எழுத்து வெட்டியிருந்தால் கண்டுபிடிப்பது சுலபம்: சி.டபிள்யூ. 617என் என்றால் சாதாரணப் பித்தளை, சி.டபிள்யூ. 602என் என்றால் டி.இசட்.ஆர்.

இதை யாரும் விதியை மீறிச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. இந்த வகை வால்வுகளுக்கென 1994-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 9093-1 தரவரையறை, 5 வருடப் பயன்பாட்டுக்குள் கசிவோ வலுவிழப்போ காட்டாத உலோகத்தை அரிப்பு தாங்கும் உலோகம் என்று ஏற்றுக்கொண்டது. 5 வருடம்! உடலையும் டெக்கையும் பல பத்து வருடம் நிற்கும்படி வார்த்துவிட்டு, அதன் அடியில் போட்ட துளையை 5 வருட உலோகத்தால் அடைத்திருக்கிறார்கள். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 38 மில்லிமீட்டர் துளை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். என் படகோடு வந்த பில்ஜ் பம்ப்பால் (படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றுவது) அதற்கு ஈடுகொடுக்க முடியாது. படகின் மொத்த விலையில் நல்ல வால்வுகளுக்கான கூடுதல் செலவு கண்ணுக்கே தெரியாது. கழிவறைக் கதவு அவ்வளவு நேர்த்தியாக மூடும் படகில் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். திறமை இல்லாதவர்கள் என்றால் விட்டுவிடலாம். இவர்களுக்குத் திறமை இருக்கிறது, அதை வாங்குபவர் கண்ணில் படும் இடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பெருங்கடலுக்கான ஏ பிரிவுச் சான்று என் படகுக்கும் இருக்கிறது. காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 8-க்கு மேற்பட்ட காற்றையும் 4 மீட்டருக்கு மேற்பட்ட அலையையும் தாங்கும் வடிவமைப்பு என்பது அதன் பொருள். பதினைந்து வருடம் கழித்து வால்வு எந்த நிலையில் இருக்கும் என்று அந்தச் சான்று எதுவும் சொல்வதில்லை. பழைய படகு வாங்குகிற பலர் அந்தப் பிரிவைப் பொறித்த தகட்டைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

மற்ற வால்வுகளையும் கழற்றினேன். எல்லாமே ரோஸ், கூடக்குறைய. இப்போது எல்லா இடத்திலும் நைலான் வால்வு. ஒவ்வொன்றுக்கும் எதிரே பலகையில் வட்டமாக ஓட்டை போட்டு, கையால் திருகித் திறக்கும் மூடி வைத்துவிட்டேன். பார்க்க அழகாக இல்லை. ஆனால் இனி இருட்டிலும் கை நேராக வால்வுக்குப் போகும்.

இதையெல்லாம் சொன்னதும் நண்பர், "நீங்கள் சொல்வதைக் கூட்டிக் கழித்தால் வாங்கலாம் என்றுதானே வருகிறது? உடல் நல்லது, டெக் நல்லது, வால்வு மாற்றக்கூடியது" என்றார். கூட்டிக் கழித்தால் அப்படித்தான் வரும். ஆனாலும் வாங்குங்கள் என்று என் வாயால் சொல்ல முடியாது. முறிந்த முனை என் மேசை மேல் கிடக்கிறது. இன்னும் நல்ல சாமான் போட்டு, கை நுழைய இடம் விட்டுக் கட்டிய, கொஞ்சம் சின்னப் படகு கிடைத்தால் அதைப் பாருங்கள் என்றேன். எனக்கு இன்னொரு படகு வாங்கும் நிலை வந்தாலும் அதைத்தான் தேடுவேன். இருக்கிற படகை விற்க மட்டும் மனமில்லை.

அவர் கேட்கவில்லை, படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயரை ஏற்பாடு செய்துவிட்டார். நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டார்ச், கண்ணாடி, அரம், சுத்தியல் நான் கொண்டுபோவேன். முதலில் சிங்க்குக்குக் கீழே பார்ப்போம். வால்வின் எழுத்தைப் படிக்க முடியாமல், உரிமையாளர் பலகையை அறுக்கவும் விடமாட்டேன் என்றால், பாய்களைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திரும்பிவிடுவதாகப் பேசிவைத்திருக்கிறோம்.