பிஸென் ஜாடி வாங்குமுன் உள்ளே விரல் விட்டுப் பாருங்கள்

ஜப்பானில் இருக்கிறவர்களும், அங்கிருந்து யார் மூலமாவது கைவேலை மண்பாண்டம் வரவழைக்கிறவர்களும் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். ஒரு ஜாடிக்கு 58,000 யென் கொடுத்து ஏமாந்து நிற்கிறேன். பணம் திரும்ப வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. விற்ற ஆள் கடையை மூடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஒசாகாவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வந்த இரண்டாம் வருடமே பிஸென் மண்பாண்டத்தின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒகயாமா மாநிலத்தில் இம்பே என்ற சிறிய ஊரைச் சுற்றித்தான் இது நடக்கிறது. கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் மேற்பூச்சு, பூச மாட்டார்கள். படம் வரைய மாட்டார்கள். நெல்வயலுக்கு அடியிலிருந்து தோண்டியெடுத்த களிமண், சிவப்புப் பைன் விறகு, நெருப்பு, அவ்வளவுதான். சூளையை மூட்டினால் பத்துப் பதினான்கு நாள் இரவு பகலாக விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சூடு 1,200 டிகிரியைத் தொடும். விறகுச் சாம்பல் பறந்து வந்து ஜாடியின் தோளில் உட்கார்ந்து உருகும். எள்ளைத் தூவியது மாதிரி இருப்பதால் அதற்குப் பெயரே கோமா, அதாவது எள். வைக்கோல் சுற்றிச் சுட்ட இடத்தில் செக்கச்சிவந்த கோடுகள் விழும், அது ஹிதாசுகி. கரியில் புதைந்த பக்கம் நீலம் கலந்த சாம்பல் நிறமாகும். எந்த ஜாடிக்கு எது கிடைக்கும் என்பதைச் சூளைக்குள் வைத்த இடமும் நெருப்புமாகச் சேர்ந்து தீர்மானிக்கும்.

செட்டோ, தொகொனாமே, எச்சிஸென், ஷிகராகி, தம்பா, பிஸென் என்று ஆறு ஊர்களை ஜப்பானின் ஆறு பழஞ்சூளைகள் என்பார்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில், மொமொயாமா காலத்துத் தேநீர்ச் சடங்குக்காரர்கள் பிஸெனைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அப்புறம் பீங்கான் பரவியது, இது நொடித்துப்போனது. கனெஷிகே தோயோ (1896–1967) என்ற குயவர்தான் அந்தப் பழைய ஜாடிகளை ஆராய்ந்து, மண்ணைத் தேடி, சுடும் பக்குவத்தை மீட்டெடுத்தார். 1956இல் அவரை வாழும் தேசியச் செல்வம் என்று அரசு அறிவித்தது. இன்று இம்பேயில் வனைகிறவர்களில் பலர் அவர் திறந்த வழியில்தான் நடக்கிறார்கள். பழையதைப் பார்த்துச் செய்வதை ஒளிப்பதும் இல்லை. அதற்கு உத்ஸுஷி என்று பெயர். பெட்டியிலேயே அப்படி எழுதித் தருவார்கள். அது நேர்மையான வேலை. எனக்கு நடந்தது அது இல்லை.

ஏப்ரலில், பழைய பொருள் விற்கும் ஒரு செயலியில் அந்த ஜாடியைப் பார்த்தேன். ‘பிஸென் பூ ஜாடி, மரவிறகுச் சூளையில் 12 நாள் சுட்டது, இயற்கைச் சாம்பல், கலைஞர் கையெழுத்திட்ட பெட்டியுடன்.’ ஐந்து படங்கள். தோளில் சாம்பல் தேன் நிறத்தில் வழிந்திருந்தது. என்னைச் சாய்த்தது ஐந்தாவது படம், பெட்டி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே நல்ல பாண்டத்துக்கு, செய்தவரே மூடியில் தூரிகையால் பொருளின் பெயரும் தன் பெயரும் எழுதி முத்திரை குத்திய மரப்பெட்டி உண்டு. தொமொபாகோ என்பார்கள். அது இருந்தால் விலை எங்கேயோ போய்விடும். மூடியில் இருப்பதாக விவரக்குறிப்பு சொன்ன பெயர் எனக்குத் தெரிந்த பெயர்தான். ஐந்து படத்தில் ஒன்றில்கூட ஜாடியின் உட்புறமோ அடியோ இல்லை என்பது அப்போது உறைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் ஜாடி ஆடாமல் இருக்க இரண்டு துணி சுற்றியிருந்தார்கள். பத்திரமாக அனுப்பியிருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டு, அன்று இரவே ‘பெற்றுக்கொண்டேன்’ பொத்தானை அழுத்தி ஐந்து நட்சத்திரமும் கொடுத்துவிட்டேன். அதை அழுத்தினால்தான் செயலி பிடித்து வைத்திருக்கும் பணம் விற்றவருக்குப் போகும். அழுத்திய நிமிடமே என் கையில் இருந்த ஒரே பிடியும் போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர் ஊற்றிப் பூ வைத்தேன். அடியில் ஈரம் கசிந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு, பிஸென் அப்படித்தான் என்றார். அது பொய்யில்லை. கிளேஸ் இல்லாத பாண்டம் தொடக்கத்தில் கொஞ்சம் கசியலாம், இங்கே வாங்கிய எல்லோருக்கும் தெரியும். நம்பினேன். துடைக்கலாம் என்று கழுத்துக்குள் இரண்டு விரலை விட்டபோதுதான் அது தட்டுப்பட்டது. மேலிருந்து கீழாக நேர்கோட்டில் ஒரு மெல்லிய மேடு. விரலைத் திருப்பினேன். நேர் எதிர்ப்பக்கம் இன்னொன்று. தைத்த துணியின் உட்பக்கத்தைத் தடவுகிற மாதிரி.

சக்கரத்தில் வனைந்த ஜாடிக்குள் விரல் விட்டால் சுற்றிச் சுற்றி ஏறும் வரிகள்தான் இருக்கும், வனைந்தவரின் விரல் போன தடம். மேலிருந்து கீழே நேராக இரண்டு மேடு என்றால் என்ன அர்த்தம்?

அடுத்த சனிக்கிழமை ஜாடியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு இம்பேக்கு ரயில் ஏறினேன். வருடக்கணக்காக நான் குவளை வாங்கும் ஒரு பெரியவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். எதுவும் சொல்லாமல் அவர் முன்னால் வைத்தேன். முதலில் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தார். பிறகு சின்ன டார்ச்சை வாய்க்குள் அடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே போய்த் தன்னுடைய ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, “இரண்டுக்கும் சாம்பல் எங்கே இருக்கிறது, நீங்களே பாருங்கள்” என்றார்.

அவருடைய ஜாடியில் ஒரு பக்கம்தான் சாம்பல் கனமாக இருந்தது, நெருப்பு வந்த பக்கம். மறுபக்கம் கிட்டத்தட்ட வெறும் மண். வாய்விளிம்பின் உள்பக்கத்திலும் சாம்பல் விழுந்து உருகியிருந்தது. பறந்து வரும் சாம்பலுக்கு உள்ளே வெளியே தெரியாதே. என் ஜாடியில் சுற்றிலும் ஒரே கனம். தோளுக்குக் கீழே, மேலிருந்து விழுகிற சாம்பல் போய்ச் சேரவே முடியாத வளைவிலும் எள் புள்ளி. வாய்க்குள் ஒரு துளிகூட இல்லை. பிளாஸ்டர் அச்சின் இரண்டு பாதியிலும் மண்ணை அழுத்தி எடுத்து ஒட்டி, வெளியே தெரியும் ஒட்டுக்கோட்டைத் தேய்த்து அழித்து, சாம்பல் கரைசலைத் தெளித்து எரிவாயுச் சூளையில் சுட்டிருக்கலாம் என்றார். கோபப்படவில்லை. “பன்னிரண்டு நாள்” என்று ஒருமுறை மட்டும் சொன்னார். அவர் சூளை மூட்டுவது வருடத்துக்கு ஒரே முறை. அதற்கு வேண்டிய விறகைப் பிளந்து காயவைப்பதற்கே மாதங்கள் போகும். என் 58,000 யென்னைவிட அந்த இரண்டு சொல்தான் எனக்கு வலித்தது.

அப்புறம் பெட்டியை எடுத்தார். கையெழுத்து அசல், முத்திரையும் அசல் என்றார். எனக்கு ஜப்பானிய மொழி பேச வரும், அச்செழுத்து படிப்பேன், தூரிகைச் சுழி எழுத்து படிக்க வராது. அவர் வாசித்தார்: ‘பிஸென், தொக்குரி.’ தொக்குரி என்றால் சாகே மது ஊற்றும் குப்பி. பூ ஜாடி இல்லை. அசல் குப்பி எங்கோ உடைந்திருக்கும், இல்லையென்றால் தனியாக விற்றுப்போயிருக்கும். வெறும் பெட்டி மட்டும் ஏலத்தில் கிடைக்கும். அதற்குள் அடங்குகிற எதையாவது வைத்துவிட வேண்டியதுதான். இரண்டு துணி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் குமுறியபோது அவர் ஏய்னின் ஜாடியை நினைவூட்டினார். ஏய்னின் என்ற ஜப்பானிய சகாப்தத்தின் 2ஆம் ஆண்டு, அதாவது 1294 என்று பொறித்த பழைய செட்டோ ஜாடி என்று நம்பி 1959இல் அரசு அதை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அடுத்த வருடமே கதோ தோகுரோ என்ற புகழ்பெற்ற குயவர், அது நான் செய்தது என்று சொன்னார். 1961இல் அறிவிப்பை ரத்து செய்தார்கள். அதைச் சிபாரிசு செய்த கொயாமா ஃபுஜியோ, அந்த ஆறு பழஞ்சூளைகளுக்கு அந்தப் பெயரையே வைத்த அறிஞர். அவர் கண்ணே ஏமாந்திருக்கிறது.

விற்றவருக்கு எழுதினேன். இரண்டே வரியில் பதில்: இது யோஹென், சூளைக்குள் நெருப்பு செய்யும் மாயம், கைவேலை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, திரும்ப வாங்க முடியாது. இந்தத் துறையில் பெரிய ஆபத்தே இதுதான். கருகல், கோணல், கறை, விரிசல் எல்லாமே அழகு என்று நாமே ஏற்றுக்கொண்டு வாங்குகிறோம். அதனால் எந்தப் பித்தலாட்டத்தையும் நெருப்பின் தலையில் போட்டுவிடலாம். விவரக்குறிப்பை மறுபடி படித்தபோது கடைசி வரியில் ‘பிஸென்’ என்பதற்குப் பிறகு ஒரே ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது: ‘ஃபூ’. பிஸென் மாதிரி, பிஸென் பாணி என்று அர்த்தம். தலைப்பில் அந்த எழுத்து கிடையாது.

செயலிக்காரர்கள் பரிமாற்றம் முடிந்துவிட்டது என்றார்கள். 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். எடுத்த அம்மா பொறுமையாக விளக்கினார். கடைக்கார விற்பனையாளர் என்றால் பெயர், முகவரி, தொலைபேசி எல்லாம் காட்டியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இவர் தனிநபர் என்று பதிந்திருக்கிறார். வீட்டு வாசலில் வந்து விற்றதை எட்டு நாளில் ரத்து செய்கிற வசதி, நாமே இணையத்தில் தேடி வாங்கியதற்குக் கிடையாது. எனக்கும் தெரியாது, உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது.

இணையத்தில்தான் வாங்குவேன் என்றால், வாய்க்குள் வெளிச்சம் அடித்து எடுத்த படமும், அடியின் படமும், பெட்டி மூடியின் நேர்ப்படமும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். மூடி எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஜப்பானிய நண்பரிடம் காட்டிவிட்டே பணம் கட்டுங்கள். பார்சல் வந்ததும் உள்ளே விரல் விட்டுப் பார்க்காமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். முடிந்தால் இம்பேக்கே போய்விடுங்கள். ஒகயாமாவிலிருந்து உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்டேஷன் கட்டடத்திலேயே உள்ளூர்க் கலைஞர்களின் பாண்டங்களை வைத்து விற்கிறார்கள். அக்டோபரில் பிஸென் திருவிழா நடக்கும், கையில் எடுத்துப் பார்த்து, செய்தவரிடமே கேட்டு வாங்கலாம். மின்சூளையில் சுட்டதையும் விற்பார்கள், கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். விலையும் அதற்குத் தக்கபடி இருக்கும்.

நேற்று இரவு அந்தச் செயலியைத் திறந்தேன். அதே விற்பனையாளர் இன்னொரு பூ ஜாடி போட்டிருக்கிறார், 64,000 யென். ஐந்து படங்கள். அதே மர மேசை, சாம்பல் வழிந்த அதே தோள், ஐந்தாவது படத்தில் பெட்டி. உட்புறத்தின் படம் இல்லை.