கீழ விழுற வரைக்கும் க்ளே பார் சூப்பர்தான்

மச்சான் நேத்து போன் பண்ணி "க்ளே பார் வாங்கலாமாடா, நீதான் மூணு வருஷமா தேய்ச்சிட்டிருக்கியே"ன்னு கேட்டான். வேணாம்டான்னு சொல்லி வெச்சிட்டேன். ஏன்னு சொல்லல, அத இங்க கொட்டிடுறேன். க்ளே பார்னா வேற ஒண்ணுமில்ல, வண்டி பெயிண்ட்ல ஒட்டிக்கிட்ட அழுக்க தேய்ச்சு எடுக்குற களிமண் மாதிரி ஒரு கட்டி.

என்னோடது வெள்ளை ஸ்விஃப்ட், வீடு பெரம்பூர்ல தண்டவாளத்த ஒட்டி. லைன் பக்கத்துல வெள்ளை வண்டி நிறுத்துறவங்களுக்குத் தெரியும், பானட்லயும் டிக்கி கதவுலயும் குண்டூசி முனை சைஸ்ல ஆரஞ்சு புள்ளி வரும். வண்டி துருப்பிடிச்சிருச்சோன்னு முதல்ல பதறினேன். அது ரயில் சக்கரமும் பிரேக்கும் தேயுறப்ப பறக்குற இரும்புத் தூளு, பெயிண்ட்ல குத்தி உக்காந்து அங்கயே துருவாகுது. ஷாம்பூவுக்கெல்லாம் அசையாது. வண்டிய கழுவிட்டு மெல்லிசா ஒரு கேரி கவருக்குள்ள கைய விட்டு பானட்ட தடவிப் பாருங்க, உப்புப் பேப்பர் மாதிரி இருக்கும்.

அங்கதான் க்ளே. ஷாம்பூ தண்ணிய நல்லா அடிச்சிட்டு, 2 அடிக்கு 2 அடி இடமா எடுத்து, அழுத்தாம நேர்கோடா முன்னும் பின்னும் தேய்க்கணும், ஆரம்பத்துல கரகரன்னு ஒரு சத்தம் வரும், போகப்போக அடங்கி கை வழுக்கிட்டு ஓடும், அந்த நிமிஷம் இருக்கே, அதுக்காகவே ஞாயித்துக்கிழமை காலைல 6 மணிக்கு எந்திரிக்கலாம். க்ளேவ திருப்பிப் பாத்தா ரசத்தோட அடி மண்டி மாதிரி பழுப்பா அழுக்கு. மடிச்சுப் பிசைஞ்சு புது பக்கம் எடுத்துக்கணும்.

இப்ப என் வயித்தெரிச்சல். தேய்க்கணும்னா வழவழன்னு தண்ணி வேணும், வழவழன்னு இருந்தா கையில நிக்காது. கீழ விழுந்தா அவ்ளோதான், குப்பைத்தொட்டி. கழுவிக்கலாம்னு நெனைக்காதீங்க, உள்ள பதிஞ்ச மணல் போகவே போகாது, அதோட தேய்ச்சா பெயிண்ட்ல கோடு கிழிச்சிரும். முதல் 100 கிராம் கட்டி, புத்தம் புதுசு, கதவுப் பக்கம் குனிஞ்சப்ப முழுசா நழுவி சிமெண்ட் தரைல பொத்துன்னு விழுந்துச்சு. பாதி வண்டி கூட முடியல. அன்னிலேர்ந்து நாலு துண்டா வெட்டித்தான் எடுக்குறேன், விழுந்தா கால்வாசியோட போகட்டும். இதுவரைக்கும் நான் தேய்ச்சு தீத்தத விட தரைக்குக் குடுத்ததுதான் ஜாஸ்தி.

சரி, நியாயமா பேசுவோம், விழுந்தது க்ளேவோட தப்பில்ல. வருஷத்துக்கு ரெண்டு தடவதான், புள்ளி முக்காவாசி போயிடுது. ஆனா இருக்குற வேக்ஸையும் சேத்து உருவிரும், அதனால முடிச்ச கையோட வேக்ஸ் போட்டே ஆகணும், மொத்தம் நாலு மணி நேரம், இடுப்பு கழண்டுரும். வெயில் ஏறினா தண்ணி காஞ்சு க்ளே சூயிங்கம் மாதிரி இழுவும். போர் தண்ணி உப்புக்கறையும் இதுல முழுசா போகாது, நான் கடைசி அலசலுக்கு ஏசி தண்ணிய பக்கெட்ல பிடிச்சு வெச்சுக்குறேன்.

மச்சானோடது கருப்பு வண்டி. க்ளே போட்டா பொடிப்பொடியா கீறல் விழத்தான் செய்யும், என் வெள்ளைல கண்ணுக்குத் தெரியாது, கருப்புல டியூப்லைட் வெளிச்சத்துல மங்கலா மூடுபனி மாதிரி நிக்கும், அப்புறம் பாலிஷ் போட்டாதான் போகும். அவனுக்கு ஷாம்பூ போடவே பொறுமை கிடையாது. அவனுக்கு மட்டுமில்ல, யார் கேட்டாலும் வேணாம்னுதான் சொல்லுவேன்.

போன் வெச்சதும் வீட்டம்மா கேக்குறா, அப்ப முந்தாநேத்து எதுக்கு இன்னொரு 200 கிராம் ஆர்டர் போட்டீங்கன்னு.