வாசலுக்கு வேம்பா, புங்கையா?

வாசலில் ஒரே மரத்துக்குத்தான் இடமுண்டு என்னும்போது, வேம்பை நடுவதா புங்கையை நடுவதா என்று பலரும் தயங்குகின்றனர்.

நிழல்: வேம்பின் நிழலில் வெயில் சற்றுச் சிந்தும், புங்கையோ கோடை முற்றுவதற்குள் தளிர்த்து, கட்டில் போட்டுப் படுக்குமளவுக்கு அடர்ந்துவிடும்.

பயன்: சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் பூ, அம்மை கண்ட வீட்டு வாசலுக்குக் கொத்து, பல் துலக்கக் குச்சி, கறையான் எளிதில் அண்டாத கதவுப் பலகை என வேம்பு நுழையாத இடமில்லை. புங்கை விளக்கெரிக்க எண்ணெயும் வயலுக்குத் தழையுரமும் தரும். அதன் பலகையைப் பூச்சி விரைவில் அரித்துவிடும்.

பராமரிப்பு: இரண்டும் வறட்சியைத் தாங்கும். புங்கம்பூ வாசலெங்கும் உதிரும். அதைக் குப்பையென்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

திண்ணைக்கு நிழல் மட்டும் வேண்டுவோர் புங்கையையும், அடுக்களைக்கும் கைமருந்துக்கும் உதவ வேண்டுமென்போர் வேம்பையும் நடலாம்.